காணாமல் போன வெள்ளிக்கிழமை

ஆக்லாந்து,
பிப்ரவரி 19

மரியாதைக்குரிய தெலேசியா அத்தைக்கு,

நீங்களும் உங்கள் முழங்காலும் நலமா? இங்கே எல்லோரும் நலம். போனில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். "அவங்க என் அக்காடா. டீச்சர் வேற. கையால எழுது" என்று அப்பா காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். தட்டச்சு செய்தே பழகிய கை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தபோது உங்கள் நோட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டேனே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பலோலோவைப் பற்றிச் சொன்னால் என் பள்ளி நண்பர்கள் நம்புவதில்லை. பவளப்பாறைக்குள் இருக்கும் ஒரு புழு, வருஷத்தில் ஓரிரு விடியற்காலை மட்டும் லட்சக்கணக்கில் மேலே எழுந்து வரும், வெயில் வந்தால் கரைந்துவிடும், அதற்குள் ஊரே வலையோடு கடலில் நிற்கும் என்றால், "போடா, கதை விடாதே" என்கிறார்கள்.

அது எந்தக் காலை என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலை அறிவியல் கண்காட்சிக்காகச் செய்கிறேன். 1984 முதல் ஒரு வருஷம்கூட விடாமல் நீங்கள் குறித்து வைத்த தேதிகளையும் நிலவின் கணக்கையும் அதற்குக் கொடுத்தேன். முப்பத்தொன்பது நோட்டையும் அது பதினொரு நிமிஷத்தில் படித்துவிட்டது அத்தை!

தேதிகளில் ஏதாவது சந்தேகம் உண்டா என்று மட்டும் சொல்லுங்கள். கண்காட்சிப் பலகையில் முதல் வரியே உங்கள் பெயர்தான்.

அத்தையின் பாதம் தொட்டு,
அலெசானா

வைதோலு, சவாயித் தீவு, சமோவா,
மார்ச் 22

அன்பு அலெசானாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு வாழ்கிறோம். உன் எழுத்து கோணல்தான். ஆனாலும் எழுதினாயே, அது போதும்.

பதினொரு நிமிஷம் என்றதைப் படித்துச் சிரித்தேன். எழுத எனக்கு முப்பத்தொன்பது வருஷம் ஆயிற்று. ஒரு உதாரணம் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எட்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகக்கூட ஒப்பிப்பான். நடுவில் நிறுத்தி "ஆறெட்டு எவ்வளவு?" என்றால் முழிப்பான். உன் இயந்திரம் அந்தப் பையனாக இருந்துவிடக் கூடாது. நீயும்தான்.

நீ படம் எடுத்தது அக்டோபர், நவம்பர் பக்கங்களை மட்டும். மற்ற பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாயா? அதிலும் நான் எழுதியிருக்கிறேன். மழை, புயல், யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த வருஷம் பள்ளிக்கூரை பறந்தது, எல்லாம்.

தேதிகளைப் பற்றி நீ கேட்டது நல்ல கேள்வி. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவசரமாகச் சொன்னால் புரியாது, கட்டம் போட்டு விளக்க வேண்டும். இப்போது தபால் கொண்டுபோகிற பேருந்து வாசலில் ஹாரன் அடிக்கிறது. நீ பதில் போடு, அடுத்த கடிதத்தில் கட்டம் போட்டு அனுப்புகிறேன்.

பலகையில் "தெலேசியா, ஆசிரியை, வைதோலு" என்று இருந்தால் போதும். வேறு அலங்காரம் வேண்டாம். சத்தியமாகச் சொல்கிறேன், அதை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் தனியாகச் சிரித்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அத்தை

ஆக்லாந்து,
ஆகஸ்ட் 14

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நலமா? பதில் எழுத ஐந்து மாதம் ஆகிவிட்டது, தலைகுனிகிறேன். தேர்வு, நிரல், திரும்பவும் தேர்வு.

அத்தை, முதல் பரிசு! நூற்று எழுபது பள்ளிகளில் நான்தான் முதல்! செய்தித்தாளில் வந்ததை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். ஒரு நாள் முன்னே பின்னே இருந்தாலும் சரி என்று எடுத்துக்கொண்டால் என் நிரல் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு முறை சரியாகச் சொல்கிறது. நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பலகையின் வாசகங்களை அப்பாதான் எழுதினார். குடும்பத்து அறிவு குடும்பத் தலைவர் பெயரில் இருப்பதுதான் முறை என்றார். அத்தையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். சொன்னாரா?

இந்த வருஷம் பலோலோ நவம்பர் 4, சனிக்கிழமை விடியற்காலை வரும் என்று நிரல் சொல்கிறது. எங்கள் பள்ளி ஆசிரியரும் தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு பேரும் எங்களோடு வைதோலுவுக்கே வருகிறார்கள்!

நீங்கள் தேதியைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். முக்கியமானதா? தொண்ணூற்று நாலு வந்துவிட்டதால் தேவைப்படாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் ஆசியுடன்,
அலெசானா

வைதோலு,
ஆகஸ்ட் 31

அன்புத் தங்கை மதலேனாவுக்கு,

நீயும் உன் பிள்ளைகளும் நலமா? பாகோ பாகோவில் மீன் ஆலைக்குத் திரும்ப ஆள் எடுக்கிறார்களாமே, உன் முதுகைப் பார்த்துக்கொள். போனில் இதைப் பேச முடியாது. நீ சிரிப்பாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

செய்தித்தாள் துண்டை இதில் வைத்திருக்கிறேன். நம் தம்பி ஃபெரெதியும் அவன் மகனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே இருப்பதைப் படி. "இந்த அரிய குறிப்புகளை எழுதிப் பாதுகாத்தவர் சிறுவனின் தாத்தா." தாத்தாவாம்! பலோலோ எழுகிற காலைகளில் நம் அப்பா விட்ட குறட்டை உனக்கு நினைவிருக்கிறதா? இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஈரக் கையோடு வந்து, விளக்கடியில் உட்கார்ந்து எழுதியவள் நான். அப்பாவின் குடும்பத் தலைவர் பட்டத்தை வாங்க ஃபெரெதி அலைகிறான். அதற்கு அப்பா பெரிய அறிஞராக இருக்க வேண்டும். நான் இல்லாமல் போக வேண்டும்.

மதலேனா, அந்தப் பையனின் இயந்திரம் சனிக்கிழமை என்கிறது. வரப்போவது ஞாயிறு. எப்படித் தெரியும் என்கிறாயா? 2011 டிசம்பர் 29, வியாழன் ராத்திரி படுத்தோம். எழுந்தபோது 31, சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஒன்று இந்த நாட்டில் விடியவே இல்லை. ஆக்லாந்து, சிட்னிக்காரர்களோடு நாள் ஒத்துப்போக வேண்டும் என்று அரசாங்கம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. நீங்கள் அங்கே வேறு கொடியின் கீழ், பழைய நாளிலேயே நின்றுவிட்டீர்கள். எனக்கு இன்று வியாழன், உனக்கு இன்னும் புதன்.

அதனால் என் நோட்டில் 1984 முதல் 2011 வரை உள்ள இருபத்தெட்டுத் தேதிகளுக்கும் ஒரு நாள் கூட்டினால்தான் இன்றைய நாட்காட்டிக்குச் சரிவரும். கூட்டாவிட்டால் எல்லாமே ஒரு நாள் முந்திவிடும். இது ஆக்லாந்தில் பிறந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. ஃபெரெதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன்தான் அப்போதே இங்கே இல்லையே. எனக்கு நாட்காட்டி வேண்டாம். முழுநிலவுக்குப் பின் ஏழாம் காலை, அவ்வளவுதான்.

இதைத்தான் பையனுக்குக் கட்டம் போட்டு விளக்குவதாக இருந்தேன். கட்டம் போட்டும் வைத்தேன், மேசை டிராயரில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். நான் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வரட்டும். சனிக்கிழமை காலையில் நம் தம்பி வெறும் வலையோடு நிற்பதை நாடு பார்க்கட்டும்.

எல்லோருக்கும் என் முத்தங்கள்.
உன் அக்கா

பாகோ பாகோ,
செப்டம்பர் 13

அக்காவுக்கு,

நலம். முதுகும் நலம். ஆலையில் என்னை மூடி போடும் பக்கம் மாற்றிவிட்டார்கள், உட்கார்ந்தே வேலை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் தடவை சிரித்தேன், நீ சொன்னது சரி. என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா கிட்ட படிச்ச பிள்ளைங்க எல்லாம் எப்படி உயிரோட இருக்கு?" என்றார்.

மூன்றாவது தடவை படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. கோபம் ஃபெரெதி மேல். அவனை நானும் மன்னிக்கவில்லை. என் கல்யாணத்துப் பாய்கள் இரண்டை எடுத்துப்போய்த் தன் மாமனாருக்குக் கொடுத்தவன் அவன். ஆனால் வலையோடு தண்ணீரில் நிற்கப்போவது பையன் அக்கா. அவன் உன்னிடம் கேட்டிருக்கிறான். இரண்டு முறை கேட்டிருக்கிறான். பலகையை அவன் எழுதவில்லை.

ஃபெரெதி அவமானப்பட்டு, நம் ஊர் முறைப்படி தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு உன் வாசலில் வந்து மன்னிப்புக்காக உட்காருவான் என்று நினைக்கிறாயா? அவன் உட்கார மாட்டான். காரை விட்டே இறங்க மாட்டான்.

யோசி. உன்னை எனக்குத் தெரியும், யோசிக்க மாட்டாய். ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

முழங்காலுக்கு நோனி இலையைச் சுட்டுக் கட்டு.
மதலேனா

வைதோலு,
செப்டம்பர் 21

அன்பு அலெசானாவுக்கு,

உன் வெற்றிச் செய்தி கிடைத்தது. போதகர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். செய்தித்தாள் துண்டை நன்றாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

தேதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். தேதிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது எல்லாம் நோட்டுகளிலேயே இருக்கிறது. அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதினேன். ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டு எழுதியதில்லை.

ஒரு உதாரணம். கேள்வித்தாளைக் கொடுத்தவுடன் சில பிள்ளைகள் முதல் கேள்விக்கு விடை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்க்க மாட்டார்கள். அவர்களும் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள், சில சமயம்.

நோட்டுகள் அலமாரியில்தான் இருக்கின்றன. வா. உனக்கு ஜன்னலோரப் படுக்கையைத் தட்டிப்போட்டு வைக்கிறேன்.

உன் அத்தை

ஆக்லாந்து,
அக்டோபர் 12

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் நவம்பர் 2 மதியப் படகில் வந்து சேருவோம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நோட்டுப் படங்கள் எல்லாவற்றையும் இன்னொரு முறை இயந்திரத்திடம் கொடுத்து, "இதில் தேதி பற்றி ஏதாவது எச்சரிக்கை, திருத்தம் இருக்கிறதா?" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றது. அதனால் நிம்மதி.

அப்பா ஊர்த் தலைவர் துய்லோமாவோடு போனில் பேசினார். வருஷா வருஷம் உங்களைக் கேட்டுத்தான் ஊர் கடலுக்குப் போகுமாமே! இந்த வருஷம் உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம், சனிக்கிழமை என்று நாங்களே அறிவித்துவிடுகிறோம் என்று அப்பா சொல்லிவிட்டார். "அக்கா ரிட்டயர் ஆயிட்டாங்க, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறேன். நீல நிறம்.

அலெசானா

வைதோலு,
நவம்பர் 7

அன்பு மதலேனாவுக்கு,

நலம். மிகவும் நலம். நீ கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை வந்தார்கள். ஃபெரெதி புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்குள் வந்து என் கன்னத்தில் முத்தமிட்டான். செய்தித்தாள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவர்கள் ஊர்க்கூட்டத்துக்குப் போன பிறகு, நான் மெதுவாக நடந்து போதகர் வீட்டுக்குப் போனேன். "ஞாயிறு காலை கோயில் மணி அடிக்கும்வரை கடலில் வலை போட ஊருக்கு அனுமதி வேண்டும்" என்றேன். நம் ஊரில் ஞாயிறன்று வலையைத் தொட்டால் அபராதம் என்பது உனக்குத் தெரியும். இதற்கு முன்னும் நான்கு முறை ஞாயிறில் வந்திருக்கிறது, நான்கு முறையும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். போதகர் என் முகத்தைப் பார்த்தார். "சனிக்கிழமைன்னு தானே சொன்னாங்க டீச்சர்?" என்றார். "ஆமா, அப்படித்தான் சொன்னாங்க" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவரும் என் மாணவர்.

சனிக்கிழமை விடியுமுன் ஊரே கடற்கரையில். கழுத்தில் மொசோஒய் பூமாலை, கையில் கொசுவலைத் துணியில் தைத்த வலை, வாளிகள். கேமராவுக்காகப் பையனை முதல் படகில் நிறுத்தினார்கள். நான் கரையில் என் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

கடல் கழுவிவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. நுரை இல்லை, வாசனை இல்லை. ஒரு மணி நேரம். வெயில் வந்துவிட்டது. முதலில் பிள்ளைகள்தான் ஆரம்பித்தார்கள்.

"அலெசானா, சார்ஜ் தீந்துபோச்சா?"

"மறுபடியும் அமத்திப் பாருடா, புழு இன்னும் லோட் ஆவுது!"

துய்லோமா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வாளியைக் கவிழ்த்துக் காட்டினார். "ஃபெரெதி, உன் மகன் மிஷினுக்கு ஒண்ணு சொல்லு. நாங்க ஆக்லாந்துக்காரங்க இல்ல. எங்களுக்குக் காலைச் சாப்பாடு வேணும்."

சிரிப்பு, மதலேனா! பவளப்பாறைவரை கேட்டிருக்கும். ஃபெரெதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. தொலைக்காட்சிக்காரி ஒருத்தி அவனிடம் ஒலிவாங்கியை நீட்டினாள். "கடலு... கடல் சூடாயிருச்சு. பருவநிலை மாற்றம்..." என்றான். துய்லோமா அதற்கும் சிரித்தார். "நேத்து சாயங்காலம் குளிச்சேன்டா. எப்பவும் போலத்தான் இருந்துச்சு!"

பத்து மணிக்கு அவர்கள் என்னிடம் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. அவர்களே வந்தார்கள், தலைவரும் பத்துப் பெரியவர்களும், ஈர வேட்டியோடு.

"டீச்சர், என்னைக்கு?" என்றார் துய்லோமா.

"நாளைக்கு."

"நாளைக்கு ஞாயிறாச்சே."

"போதகர் கிட்ட அனுமதி வாங்கியாச்சு. மணி அடிக்கிற வரைக்கும்."

எல்லோரும் ஒவ்வொருவராக ஃபெரெதி பக்கம் திரும்பினார்கள். அந்த ஒரு நொடியை நான் முப்பத்தொன்பது வருஷச் சம்பளத்துக்கும் கொடுக்க மாட்டேன்.

தொலைக்காட்சிக்காரர்களும் பள்ளி ஆசிரியரும் அன்று மதியப் படகில் போய்விட்டார்கள். வெறும் வாளியைத்தான் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஞாயிறு விடியலில் கடல் கொழகொழவென்று பச்சையும் பழுப்புமாகக் கொதித்தது. பத்து வருஷத்தில் இப்படி வந்ததில்லை. என் வாளி இரண்டு முறை நிரம்பியது.

வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வதக்கி, ரொட்டித் துண்டில் வைத்து ஆளுக்கொரு தட்டுக் கொடுத்தேன். ஃபெரெதி வயிறு சரியில்லை என்றான். பையன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அத்தை, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சாப்பிடு, ஆறிடும்" என்றேன்.

சாப்பிட்டான். ஜாடியில் உப்புப் போட்டு உனக்கும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். படகில் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அக்கா

பாகோ பாகோ,
நவம்பர் 22

அக்காவுக்கு,

ஜாடி வந்தது. என் வீட்டுக்காரர் விரலால் வழித்துச் சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் வைத்தார்.

ஃபெரெதியின் முகத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். பையனின் முகத்தைப் பற்றி எழுதவே இல்லை. தட்டைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், சாப்பிட்டான். அவ்வளவுதானா?

போனில் சொன்னாயே, அந்த நீலச் சால்வையைக் கொண்டுவந்தானா?

மதலேனா

ஆக்லாந்து,
டிசம்பர் 18

மரியாதைக்குரிய தெலேசியா அத்தைக்கு,

உங்கள் உடல்நலத்துக்கு என் வேண்டுதல்கள். வந்திருந்தபோது அளித்த விருந்துக்கு நன்றி.

ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் பெயர் "வாளி". இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தவறு உன் கணக்கில்தான் என்கிறார்.

கணக்கைத் திரும்பப் பார்த்தேன். பழைய வருஷங்கள் எல்லாம் சரியாக ஒரு நாள் பிசகுகின்றன, புதிய வருஷங்கள் பிசகவில்லை. அப்போது இயந்திரத்திடம், "சமோவாவில் நாட்காட்டி எப்போதாவது மாறியதா?" என்று கேட்டேன். ஒரு நொடியில் சொல்லிவிட்டது. முதலிலிருந்தே அதற்குத் தெரியும். நான்தான் கேட்கவில்லை. இயந்திரமும் உங்களைப் போலத்தான் அத்தை. ஒரு வித்தியாசம், உங்களை நான் கேட்டேன்.

பிப்ரவரியில் கேட்டேன். ஆகஸ்டில் கேட்டேன். உங்கள் செப்டம்பர் கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. இப்படி எழுதலாம் என்று எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டேன்.

நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது முப்பத்தொன்பதில் முப்பத்தெட்டு, நாள் பிசகாமல் சொல்கிறது. ஏப்ரலில் பசிபிக் நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் பெரிய கண்காட்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அறிக்கையின் ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன். தாத்தாவின் பெயர் முன்அட்டையில் அப்படியே இருக்கிறது. பதினான்காம் பக்கத்தைப் பாருங்கள்.

"பிழை ஏற்பட்டதற்கான காரணம்: தெலேசியா, ஆசிரியை, வைதோலு. நாட்காட்டி மாற்றத்தை அறிந்திருந்தும், இரண்டு முறை கேட்கப்பட்டபோதும் தெரிவிக்கவில்லை."

உங்கள் பெயர் வர வேண்டும் என்று விரும்பினீர்கள். வேறு அலங்காரம் வேண்டாம் என்றீர்கள். அப்படியே போட்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
அலெசானா

வைதோலு,
ஜனவரி 3

அன்பு அலெசானாவுக்கு,

புத்தாண்டு உனக்கு நலமே கொண்டுவரட்டும். உன் கையெழுத்து இப்போது நேராகிவிட்டது. கோபத்தில் எழுதினால் சிலருக்கு எழுத்து நேராகும். எனக்கும் அப்படித்தான்.

பதினான்காம் பக்கத்தைப் படித்தேன். அதில் உள்ள எல்லாமே உண்மை. உன்னைத் தண்ணீரில் நிற்க வைத்தேன். என் கோபம் வேறொருவர் மேல். நீ முதல் படகில் நின்றாய். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் ஆசிரியையாக ஒன்று சொல்ல வேண்டும். உன் அறிக்கையில் இன்னொரு தவறு இருக்கிறது. முதல் தவறைவிடப் பெரியது. உன் இயந்திரத்தைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அதனிடம் நீ கொடுத்த பக்கங்களில் அது இல்லை. அந்தத் தவறோடு ஏப்ரலில் போய் நின்றால், இந்த முறை சிரிக்கப்போவது ஒரு ஊர் மட்டும் இல்லை.

என்ன தவறு என்று எழுத மாட்டேன். நோட்டுகளையும் அனுப்ப மாட்டேன். உனக்கு இம்மாதக் கடைசிவரை விடுமுறைதானே? வந்து, உட்கார்ந்து, உன் கண்ணால் படி. பதினொரு நிமிஷம் போதாது.

உன் அத்தை

வைதோலு,
ஜனவரி 23

அன்பு மதலேனாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நல்ல மழை. சீமைப்பலா சுட்டுத் தின்றுகொண்டிருக்கிறோம். "றோம்" என்றது ஏன் என்றால், பையன் வந்திருக்கிறான். ஐந்து நாள் ஆகிறது.

ஃபெரெதியும் வந்திருக்கிறான். பட்டம் விஷயமாகப் பெரியவர்களைப் பார்க்க வந்தானாம். நீ சொன்னபடியேதான், பையனை இறக்கிவிட்டுக் காரை விட்டு இறங்கவில்லை. தினமும் காலையில் வந்து, வேலிக்கு வெளியே காரை நிறுத்திக்கொண்டு, "முடிஞ்சுதாடா?" என்று கேட்கிறான். "இல்லப்பா" என்கிறான் பையன். மழையில் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே வேகிறான். நான் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்தனுப்பவில்லை.

பையன் என்னோடு அதிகம் பேசுவதில்லை. காலையில் வணக்கம், சாப்பிடும்போது நன்றி. மற்ற நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலை வைத்து வரி வரியாகப் படிக்கிறான். 1984-இலிருந்து. நேற்று முதல் தடவையாகத் தலை தூக்கினான்.

"அத்தை, மகப்பேறு லீவுலகூட கடலுக்குப் போயிருக்கீங்க?"

"போனேன்."

"அந்தப் பாப்பா..."

"படி" என்றேன். அடுத்த பக்கத்தில் அதுவும் இருக்கிறது. கொஞ்ச நேரம் அவன் பக்கத்தைத் திருப்பவில்லை.

என்ன தவறு என்று நீ கேட்பாய். தேதிகளில் ஒன்றுமில்லை. நான் தேதியைத் தவறாக எழுதுவேனா? தவறு முன்அட்டையில் இருக்கிறது. நம் அப்பா எந்த வருஷம் இறந்தார் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொன்னதில்லை. நம் வீட்டு வாசலில் இருக்கும் அவர் கல்லறைக்குப் பெயர்ப்பலகை வைப்பதாக ஃபெரெதி சொன்னது இன்னும் சொன்னபடியே இருக்கிறது. "தாத்தா கடைசிவரை எழுதினார்" என்றுதான் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறானாம்.

இன்று மதியம் 1992 முடிகிறது. அடுத்த நோட்டில், மே மாதம் பதினோராம் தேதி: "இன்று அப்பாவை அடக்கம் செய்தோம். ஃபெரெதி வரவில்லை." அதற்குப் பின்னும் முப்பது வருஷக் குறிப்புகள், அதே கையெழுத்தில். அந்தப் பக்கத்தில் நான் அடையாளம் எதுவும் வைக்கவில்லை. அவனே வந்து சேரட்டும்.

அப்போது அவன் யாரிடம் போவான் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வந்தால், டிராயரில் இருக்கும் கட்டத்தை எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனால், என் நாற்காலியை வாசலுக்கு நகர்த்திக்கொள்வேன். மழைச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பிவிடக் கூடாது.

இதோ, அடுத்த நோட்டை எடுக்கிறான். நிறுத்துகிறேன்.

அக்கா